யார் சொல் செல்லும்? நன்னூல் முதல் ஆட்சியர் சான்றிதழ் வரை

நன்னூலின் பெயரியலில் ஒரு சூத்திரம் உண்டு. வகுப்பறையில் அதைப் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை விரும்புகிற பேடு ஆண்பால். ஆண்தன்மையை விட்டு மற்றதை விரும்புகிற பேடு பெண்பால். இவ்விரு வகையாரையும் அஃறிணை போலச் சொல்வதும் உண்டு. மூன்றே அடியில் பவணந்தி முனிவர் சொல்லி முடித்துவிடும் செய்தி இது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், கங்கச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொள்ள எழுதப்பட்ட நூல் நன்னூல்.

இலக்கண ஆசிரியருக்குச் சமூகச் சீர்திருத்தம் நோக்கமல்ல. ‘வந்தான்’ என்பதா, ‘வந்தாள்’ என்பதா என்ற கேள்விக்கு அவர் விடை சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் எதை அளவாகக் கொண்டு விடை சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். பிறந்த உடம்பை அவர் அளவாகக் கொள்ளவில்லை. வைத்தியர் வாக்கையோ ஊரார் வாக்கையோ கேட்கவில்லை. அந்த ஆள் எதை விரும்புகிறார் என்பது போதும் என்கிறார். ஆண்தன்மையை விரும்புகிறவரை, இன்று திருநம்பி என்கிறோமே அவரை, முதலில் வைத்திருக்கும் வரிசையும் கவனிக்கத்தக்கது. பிற்காலத்துச் சட்டங்களிலும் விழாக்களிலும் அரசாணைகளிலும் நெடுங்காலம் திருநம்பிகள் கண்ணிலேயே படவில்லை. மூன்றாவது அடிதான் உறுத்துகிறது. விருப்பத்தை மதித்துப் பால் வகுத்துக் கொடுத்த அதே கை, மனிதக் கூட்டத்துக்கு வெளியே தள்ளவும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒருவர் ஆணா, பெண்ணா, இரண்டிலும் அடங்காதவரா என்று சொல்லும் உரிமை யாருடையது? இந்தியத் துணைக்கண்டத்தில் திருநர் வரலாற்றை நீளவாக்கில் படித்தால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் கேள்வி இது. பழங்காலத்தில் மதிப்போடு வாழ்ந்தார்கள், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான், இப்போது விடிந்துவிட்டது என்ற மூன்று வரிக் கதை மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதில் நடுப்பகுதி பெரிதும் உண்மை. முதலும் முடிவும் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளக் கூடியவை அல்ல.

தமிழிலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணைக்குள்ளேயே வைக்கிறது. அந்தப் பெயர்கள் ஆண்பால் வினையோடு சேரமாட்டா என்றும் தனியாக ஒரு விதி சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களுள் பேடும் ஒன்று. ஆணான காமன் பேடியாக நின்று ஆடியது அது. மணிமேகலையில் புகார்த் தெருவில் பேடிக் கோலத்தில் ஆடுபவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. இவற்றை மட்டும் எடுத்து வைத்தால் நல்ல படம் கிடைக்கும். கூடவே திருக்குறளையும் வைக்க வேண்டுமே. பேடியின் கையில் இருக்கும் வாளை, பயனற்ற ஒன்றுக்கு உவமையாக வள்ளுவர் இரண்டு இடங்களில் சொல்கிறார். நாலடியார் இன்னும் கடுமை. போன பிறவியில் பிறன்மனை தேடிப் போனவர்களே இந்தப் பிறவியில் அலியாகப் பிறந்து ஆடிப் பிழைக்கிறார்கள் என்பது அதன் தீர்ப்பு. நியாயமற்ற தீர்ப்பு. ஆனால் வரலாறு தேடுகிறவருக்கு அதில் ஒரு தடயம் கிடைக்கிறது. ஆடியே வயிறு கழுவிய ஒரு கூட்டத்தை அந்தச் சமண முனிவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

பவணந்தியும் சமணர்தான். உடற்குறி வேறு, உள்ளத்து வேட்கை வேறு என்ற பிரிவு சமண தத்துவத்தில் நெடுங்காலம் அலசப்பட்ட ஒன்று. பெண்ணுக்கு வீடுபேறு உண்டா என்ற பெரும் வழக்கின் நடுவே அது எழுந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சாகடாயனர் அந்த வழக்கில் பெண்ணுக்காக வாதாடி நூல் செய்தவர். அவரும் இலக்கணக்காரர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆண் வேட்கை, பெண் வேட்கை, இரண்டிலும் சேராத வேட்கை என மூன்றைச் சமணர்கள் பிரித்தார்கள். எந்த உடம்புக்குள்ளும் எந்த வேட்கையும் இருக்கக்கூடும் என்று வாதிட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் பாலையும் பாலினத்தையும் பிரித்துப் பேசத் தொடங்குவதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னால் நடந்த விவாதம் இது.

இனி மாலிக் காபூர். இணையத்தில் பரவும் பட்டியல்கள் பலவற்றில் ‘மதுரை வரை வென்ற திருநங்கைத் தளபதி’ என்று அவர் இடம்பெறுகிறார். 1299-இல் குஜராத்தின் கம்பாத் துறைமுகத்தில் அலாவுதீன் கில்ஜியின் படை கைப்பற்றிய அடிமை அவர். ஆயிரம் தினாருக்கு வாங்கப்பட்டவர் என்ற பொருளில் ‘ஹசார் தினாரி’ என்று பெயர் பெற்றார். வாரங்கலையும் துவாரசமுத்திரத்தையும் பணியவைத்து 1311-இல் மதுரைக்கு வந்தார். விரை நீக்கப்பட்டவர். ஆனால் அவர் தம்மைப் பெண் என்றோ வேறு என்றோ சொல்லிக்கொண்டதாக எந்தச் சான்றும் இல்லை. அடிமை வணிகம் அவர் உடம்பின் மேல் கத்தி வைத்தது. அதை ஓர் அடையாளம் என்று கொண்டாடுவது அவருக்கும் நியாயமல்ல, தாமே விரும்பி அந்த வலியை ஏற்ற திருநங்கைகளுக்கும் நியாயமல்ல.

முகலாய அரண்மனைகளில் பணியாற்றிய விரை நீக்கப்பட்டவர்களான குவாஜாசராக்கள் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். அந்தப்புரக் காவல், கருவூலம், தூது, படை என்று அவர்கள் ஏறாத படி இல்லை. அக்பரிடம் இத்திமாத் கான் வருவாய்த் துறையைச் சீர்செய்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அவத் நாட்டின் பெரும்பகுதி வரிவசூல் அல்மாஸ் அலி கான் கையில் இருந்தது. 1782-இல் அவத் பேகம்களின் புதையலைப் பறிக்க, அவர்களுடைய குவாஜாசராக்களான ஜவாஹர் அலி கானையும் பஹார் அலி கானையும் ஃபைசாபாத்தில் சிறைவைத்து வதைத்த செய்தி, வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான லண்டன் விசாரணை வரை போய் நாறியது. பெரிய மனிதர்கள், சந்தேகமில்லை. எனினும் அவர்களுள் பலர் சிறுவயதில் விற்கப்பட்டோ சிறைபிடிக்கப்பட்டோ வந்தவர்கள். வரிப்பணத்துக்கு ஈடாக வங்காளத்துச் சில்ஹெட்டில் பெற்றோரே பிள்ளைகளை விரைநீக்கிக் கொடுக்கும் வழக்கம் இருந்ததைக் குறிப்பிட்டு, அதைத் தடுக்க உத்தரவிட்டதாக ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். 1668-இல் ஔரங்கசீப்பும் தடை போட்டார். தடை மேல் தடை வந்ததென்றால் வழக்கம் நிற்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

தெருவில் வாழ்ந்த ஹிஜ்ராக்கள் வேறு. குரு, சேலா என்ற வழிமுறை, குஜராத்தின் பஹுசரா மாதா வழிபாடு, பிள்ளை பிறந்த வீட்டில் ஆடி வாழ்த்திக் காசு வாங்கும் ‘பதாய்’ என இவற்றால் தங்களுக்கென்று ஒரு குடும்பத்தையும் பிழைப்பையும் அமைத்துக்கொண்டவர்கள். மராட்டியப் பகுதியில் ஊரில் இவ்வளவு காசு, இவ்வளவு தானியம் வசூலிக்கலாம் என்று இவர்களுக்கு சனது எழுதிக் கொடுக்கப்பட்டது. சிலருக்கு நிலமும் இருந்தது. குருவுக்குப் பின் சேலாவுக்கு அந்த உரிமை போனது. சின்ன உரிமைதான், பிச்சை எடுக்கும் உரிமை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் குரு–சேலா உறவை வாரிசுரிமையாக ஓர் அரசு ஒப்புக்கொண்டது என்பதே அதன் எடை. பம்பாய் மாகாணத்துக் கம்பெனி அரசு அந்த வாரிசுரிமையை ஏற்க மறுத்தது. லாரன்ஸ் பிரஸ்டன் என்ற வரலாற்றாய்வாளர் 1987-இல் இந்தக் கோப்புகளைப் படித்துக் கட்டுரை எழுதியபோதுதான் விஷயம் பரவலாகத் தெரிந்தது.

பதிவேடு பிறந்த கதை

1852-இல் மைன்புரி மாவட்டத்தில் பூரா என்ற ஹிஜ்ரா வெட்டிக் கொல்லப்பட்டார். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது அந்த ஊர். சேலாக்களோடும் ஓர் ஆண் துணையோடும் வாழ்ந்தவர். கொலையுண்டவர் அவர். ஆனால் வழக்கை விசாரித்த ஆங்கில நீதிபதிகளின் கோபம் அவருடைய சமூகத்தின் மேல் திரும்பியது. இப்படி ஒரு கூட்டம் நம் ஆட்சியில் இருப்பதே நமக்கு அவமானம் என்ற தொனியில் எழுதினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் வடமேற்கு மாகாண அதிகாரிகள் எழுதிய குறிப்புகளில் ஒரு திட்டம் மெல்ல உருவாகிறது. புதிதாக யாரும் சேராமல் தடுத்துவிட்டால் இருக்கிறவர்களோடு இந்தக் கூட்டம் அழிந்து போகும். ஜெசிகா ஹிஞ்சி 2019-இல் வெளியிட்ட நூல் இந்தக் கோப்புகளை வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறது. படிக்கப் படிக்க எரிச்சல் வரும். அதிகாரிகளின் கொடுமையை விட, அதை அவர்கள் நிர்வாகச் சிக்கனத்தோடு திட்டமிட்டதுதான் அதிகம் எரிச்சலூட்டுகிறது.

1860-இல் எழுதி 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு முதல் கருவி. 1871-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரையினர் சட்டம் இரண்டாவது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது கள்ளர், குறவர் போன்ற சமூகங்களின் துயரம்தான் நமக்கு நினைவு வரும். அதற்கு இரண்டாம் பாகம் ஒன்று இருந்ததும், அது முழுக்க ‘அலிகள்’ பற்றியது என்பதும் பலருக்குத் தெரியாது.

அந்த இரண்டாம் பாகம் யாரை அலி என்றது? ஆணாகப் பிறந்து, ஆண்மையில்லாதவர் என்று தாமே ஒப்புக்கொள்கிறவர், அல்லது மருத்துவப் பரிசோதனையில் அப்படித் தெளிவாகத் தெரிகிறவர். பவணந்தி விருப்பத்தைக் கேட்ட இடத்தில் இந்தச் சட்டம் உறுப்பைத் தடவிப் பார்த்தது. பிள்ளை கடத்துவதாகவோ, விரைநீக்கம் செய்வதாகவோ, 377-இன் கீழ் வரும் குற்றம் செய்வதாகவோ சந்தேகம் வந்தால் போதும், பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் ஏறிவிடும். பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடையோ நகையோ அணிந்து தெருவில் நின்றால் வாரண்ட் இல்லாமல் கைது. தெருவிலிருந்து தெரியும்படி தம் வீட்டுக்குள் நின்றாலும் கைது. காசுக்கு ஆடினாலோ இசைத்தாலோ கைது. இரண்டாண்டு வரை சிறை. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனைக் கூட வைத்திருக்கக் கூடாது. பிள்ளைக்குக் காப்பாளராக இருக்க முடியாது. தானம் கொடுக்க முடியாது, உயில் எழுத முடியாது, சுவீகாரம் எடுக்க முடியாது. சொத்துக் கணக்கைக் கேட்டபோது காட்ட வேண்டும்.

ஆட்டத்தைத் தடுத்தால் வருமானம் போகும். உயிலைத் தடுத்தால் குருவின் சொத்து சேலாவுக்குப் போகாது. சேலாவைத் தடுத்தால் வம்சம் போகும். ஒரு குடும்பமுறையின் மூன்று தூண்களையும் சட்டம் எழுதியவர்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மொராதாபாத்தில் கைராத்தி என்பவரின் கதை 1884 தீர்ப்பு ஒன்றில் இருக்கிறது. பெண்ணுடையில், பெண்கள் நடுவே பாடிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் காவல்துறையின் கண்ணில் பட்டார். மருத்துவர் சோதித்தார். கீழ்நீதிமன்றம் 377-இன் கீழ் தண்டித்தது. யாரோடு, எங்கே, எப்போது என்று எதுவுமே குற்றச்சாட்டில் இல்லையே என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலை செய்த நீதிபதியும், இப்படிப்பட்ட பழக்கங்களை ஒடுக்க நினைக்கும் அதிகாரிகளின் விருப்பம் தமக்குப் புரிகிறது என்று சேர்த்தே எழுதினார். உடையும் உடம்பும் சாட்சியாகிவிட்டால் செயலுக்குச் சாட்சி தேவையில்லை என்ற மனப்பாங்கு அப்போதே ஊறிவிட்டது.

ஆனால் அந்தச் சமூகம் அழிந்துவிடவில்லை. உடையை மாற்றிக்கொண்டார்கள், மாவட்டம் விட்டு மாவட்டம் போனார்கள், பக்கத்துச் சமஸ்தானங்களுக்குள் நுழைந்துகொண்டார்கள். 1911-இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது இரண்டாம் பாகத்தைக் கைவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகு 1919-இல் ஹைதராபாத் நிஜாம் அரசு அதே மாதிரியில் தனக்கென்று ஓர் அலிகள் சட்டம் செய்துகொண்டது. அதைச் செல்லாதென்று தெலங்கானா உயர் நீதிமன்றம் அறிவித்தது 2023 ஜூலையில். நூறாண்டுக்கு மேல் அது ஏட்டில் உயிரோடு இருந்தது.

தமிழ்நாட்டுத் திருநங்கைகளும் 1871 சட்டத்தில் பதிவு செய்யப்பட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. அந்தச் சட்டம் வடமேற்கு மாகாணம், அவத், பஞ்சாப் ஆகியவற்றுக்கு முதலில் வந்தது. சென்னை மாகாணத்துக்குக் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து சேர்ந்தது 1911-இல், இரண்டாம் பாகம் நீங்கிய பிறகு. இங்கே அவர்களைப் பிடிக்க 377 இருந்தது, பொது இடத்தில் ஒழுங்கீனம் என்று வழக்குப் போட 1888-ஆம் ஆண்டுச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருந்தது, பின்னாளில் 1945-ஆம் ஆண்டுப் பிச்சை ஒழிப்புச் சட்டமும் சேர்ந்தது. பதிவேடு இல்லாததால் தப்பித்தார்கள். பதிவேடு இல்லாததாலேயே வடக்கைப் போலக் கட்டுக்கட்டாகக் கோப்புகளும் இல்லை. ஒடுக்கியவன் எழுதி வைத்த காகிதத்திலிருந்துதான் ஒடுக்கப்பட்டவரின் வரலாற்றைத் தோண்ட வேண்டியிருக்கிறது என்பது இந்தத் துறையின் சங்கடம்.

கூத்தாண்டவர் வாசல்

கோப்பு இல்லாத இடத்தில் கோயில் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் பதினெட்டு நாள் விழா. பௌர்ணமி இரவில் அரவானாகிய கூத்தாண்டவர் பெயரால் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் ஓடி அரவான் களப்பலி ஆனதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடைவை கட்டுகிறார்கள். அரவானின் களப்பலி ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரதவெண்பாவிலேயே உண்டு. பலிக்கு முன் ஒருநாள் மணவாழ்க்கை கேட்ட அரவானுக்குக் கண்ணன் மோகினியாக வந்து மனைவியானான் என்ற பகுதி, தெருக்கூத்தும் நாட்டார் வழக்கும் வளர்த்தது. கூவாகத்தைத் திருநங்கைகளின் விழா என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது வட்டாரத்து உழவர் குடிகளின் விழாவும்தான். நேர்ந்துகொண்டு தாலி கட்டிக்கொள்ளும் ஆண்களும் சிறுவர்களும் அங்கே நிறைய. புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளையார்குப்பம், சிதம்பரத்துப் பக்கம் கொத்தட்டை என்று கூத்தாண்டவருக்கு வேறு ஊர்களிலும் விழா நடக்கிறது. ஊர் ஒருநாள் இடம் கொடுக்கிறது. மற்ற நாட்களில் அதே ஊர்களில் பிள்ளைகள் வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறார்கள்.

துரத்தப்பட்டவர்கள் போன வழி பம்பாய், தில்லி, புனே. வடக்கத்திய ஹிஜ்ராக்களின் ஜமாத் முறை தமிழ்த் திருநங்கைகளின் வாழ்க்கையோடு பின்னிக்கொண்டது இப்படித்தான். குரு, நானி, கடை கடையாகக் காசு வாங்கும் ‘கடை கேட்பது’, ‘நிர்வாணம்’ என்னும் அறுவை, நாற்பதாம் நாள் பால் ஊற்றும் சடங்கு என அந்த உலகம் முழுவதும் அவர்கள் எழுதிய புத்தகங்களில்தான் முதன்முதலாக உள்ளிருந்து தெரிந்தது. அதற்கு முன் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவல் 1990-களில் பெரிய அதிர்ச்சியை உண்டாக்கியது. பரிவோடு எழுதப்பட்ட நாவல், ஆனால் வெளியிலிருந்து எழுதப்பட்டது. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’, பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ என 2004 முதல் 2007 வரை வந்த மூன்று நூல்களும் நிலைமையை மாற்றின. தாயம்மா கையால் செய்யும் அறுவையா, மருத்துவர் செய்யும் அறுவையா என்ற தேர்வு, மயக்க மருந்தின் கணக்கு, வலி, அதன் பின் வரும் நிம்மதி என்று யாரும் அதுவரை தமிழில் எழுதாதவற்றை அவர்கள் எழுதினார்கள். ஜமாத்தைப் புனிதமாகக் காட்டவும் இல்லை. அடைக்கலம் தந்த குரு அதட்டி வேலை வாங்கியதும், வசூலில் பங்கு கேட்டதும் அவற்றில் இருக்கின்றன. என் கணிப்பில், எந்த அரசாணையையும் விட இந்தப் புத்தகங்களுக்கு இந்த வரலாற்றில் பெரிய இடம் உண்டு.

அரசு அவர்களை முதலில் கண்டுகொண்டது குடிமக்களாக அல்ல, எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் ‘இலக்குக் குழு’வாக. 1990-களில் ஆணுறை விநியோகத்தோடு வந்த தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் பலருக்கு அலுவலக வாசல் திறந்தது. 2006-இல் சென்னை வியாசர்பாடி காவல் நிலையத்தில் வதைபட்ட ஒரு திருநங்கை தீக்குளித்து இறந்தார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2008 ஏப்ரல் 15-இல் மு. கருணாநிதி அரசு திருநங்கைகளுக்கான நல வாரியத்தை அமைத்தது. இந்தியாவில் முதலாவது அது. குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் கட்டணமில்லா அறுவை, 2012-இல் ஜெயலலிதா அரசு அறிவித்த மாதம் ஆயிரம் ரூபாய் ஓய்வூதியம் என்று தொடர்ந்தது. இந்த விஷயத்தில் மட்டும் இரு கழகங்களும் ஒன்றின் வேலையை இன்னொன்று கலைக்கவில்லை. ஆனால் நல வாரிய அட்டை யாருக்கு என்று தீர்மானிக்கவும் பல ஆண்டுகள் மருத்துவர் குழு உட்கார்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

மருத்துவர் மேசை

பரிசோதனை மேசையின் கதை தனியாக எழுதத் தக்கது. மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவிக்கு மக்கள் கமலா ஜானைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பெண் அல்லர் என்று சொல்லி நீதிமன்றம் பதவியைப் பறித்தது, 2003-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் பாலினச் சோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. சாந்தி திருநங்கை அல்லர், பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். ஆனால் உன் வாக்கு செல்லாது, எங்கள் கருவிதான் சொல்லும் என்ற நியாயம் அதே நியாயம். கரூரில் பெண் காவலர் ஒருவரை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தித் திருநங்கை என்று கூறி வேலையை விட்டு நீக்கினார்கள். 2014 ஏப்ரலில் நீதிபதி எஸ். நாகமுத்து அந்த உத்தரவை ரத்து செய்தார். தம்மைப் பெண் என்று கூறிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்றார்.

அதே மாதம் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி வழங்கிய நால்சா தீர்ப்பு வெளிவந்திருந்தது. பாலின அடையாளத்தைத் தீர்மானிப்பது அவரவர் உள்ளம், அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது, கல்வியிலும் வேலையிலும் பின்தங்கிய வகுப்பாராகக் கருதி ஒதுக்கீடு தர வேண்டும். நன்னூல் சூத்திரத்தின் முதல் இரண்டு அடிகளுக்கும் 1871 சட்டத்துக்கும் இடையில் நடந்துவந்த வழக்கில் தீர்ப்பு முன்னதற்குச் சாதகமாக வந்தது என்று சொல்லலாம். திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று அந்த அவையில் நிறைவேறியது பல பத்தாண்டுகளுக்குப் பின் அதுவே முதல் முறை.

மக்களவையில் அது சட்டமாகவில்லை. ஒன்றிய அரசு 2016-இல் தன் மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் தலைமை மருத்துவ அலுவலரும் உளவியலாளரும் அடங்கிய மாவட்டத் தேர்வுக் குழு இருந்தது. எதிர்ப்பு கிளம்பிக் குழு நீங்கியது. 2019-இல் நிறைவேறி 2020 ஜனவரி 10-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மாவட்ட ஆட்சியர் கையெழுத்தில் ‘திருநர்’ என்று சான்றிதழ் தர வழி வகுத்தது. ஆணென்றோ பெண்ணென்றோ குறிக்க வேண்டுமானால் அறுவை முடிந்ததற்கு மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும் என்றது. நால்சா வேண்டாம் என்றதை நாடாளுமன்றம் பின்வாசல் வழியாகச் சேர்த்துக்கொண்டது. தண்டனையில் இன்னொரு ஓட்டை. திருநர் மீதான பாலியல் வன்கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை என்றது அந்தச் சட்டம். பெண் மீதான வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. பழைய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதா 377-ஐ முற்றிலும் கைவிட்டது. 2018-இலேயே வயதுவந்தோர் இசைவோடு கொள்ளும் உறவை உச்ச நீதிமன்றம் அதிலிருந்து விடுவித்திருந்தது. எஞ்சியிருந்த பகுதி, இசைவில்லாத கொடுமைக்கு ஆணும் திருநரும் கடுந்தண்டனை கேட்டுப் புகார் சொல்லக்கூடிய இடம். அதையும் எடுத்துவிட்டு, மாற்றாக ஒன்றும் வைக்கவில்லை.

அண்டை நாடுகளும் இந்தக் கேள்வியிலேயே தடுக்கி விழுகின்றன. சுயஅடையாளத்தை ஏற்ற பாகிஸ்தானின் 2018 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2023-இல் அந்நாட்டு ஷரியத் நீதிமன்றம் செல்லாதென்றது. இலங்கையில் 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் உண்டு, ஆனால் மனநல மருத்துவர் வழியாகவே போக வேண்டும்.

தமிழகத்து நீதிமன்றங்கள் இடையிடையே முன்னால் நடந்திருக்கின்றன. 2019-இல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று தூத்துக்குடித் தம்பதி ஒன்றின் வழக்கில் தீர்ப்பளித்தார். ஊடுபால் குழந்தைகளுக்கு அவசியமின்றி அறுவை செய்வதற்கும் அதே தீர்ப்பால் தடை வந்தது. 2021-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ‘மாற்றுகிறோம்’ என்று நடக்கும் போலி சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னார். உதவி ஆய்வாளர் பிரித்திகா யாஷினி, வழக்கறிஞர் சத்யஸ்ரீ ஷர்மிளா, பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜ் என்று பெயர்கள் முன்னால் வந்தன. ‘முதல் திருநங்கை’ என்ற பட்டியல் நீள்வது மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியலைப் படிக்கும் பழக்கம், பட்டியலில் வராதவர்களை மறக்கவும் வைக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ என்று எண்ணப்பட்டவர்கள் நாட்டில் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். அஞ்சி வேறு கட்டத்தில் குறித்துக்கொண்டவர்கள் இதில் இல்லை. திருநம்பிகளில் பெரும்பாலோர் இதில் வந்திருக்க வாய்ப்பில்லை. பெண்ணாக வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு ஓடிப்போக ஒரு ஜமாத் இல்லை. வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கட்டாயத் திருமணத்தில் முடிவது அவர்களுடைய வழக்கமான கதை.

இப்போதைய சண்டை இடஒதுக்கீட்டில் வந்து நிற்கிறது. 2015-இல் தமிழக அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் பட்டியல் சாதியில் பிறந்த ஒரு திருநங்கை சாதிக்குரிய ஒதுக்கீட்டைக் கேட்பதா, பாலினத்துக்குரியதைக் கேட்பதா? இரண்டு ஒடுக்குமுறையையும் சுமக்கிறவரிடம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றது அந்த ஏற்பாடு. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கையான கிரேஸ் பானு பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது கிடைமட்ட ஒதுக்கீடு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருப்பதுபோல ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கென்று ஒரு பங்கு. கர்நாடகம் 2021-இலேயே அரசுப் பணியில் ஒரு விழுக்காடு தந்துவிட்டது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 2015 அரசாணையை ரத்து செய்து, கல்வியிலும் வேலையிலும் ஒரு விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீடு தரச் சொன்னது. முதல் நல வாரியம் கண்ட மாநிலம் இதில் கர்நாடகத்துக்குப் பின்னால் நிற்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. தேர்வாணைய அறிவிக்கைகளிலும் கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களிலும் அந்த ஒரு விழுக்காட்டை முழுமையாக எழுதிச் சேர்க்க வேண்டும். அந்தப் படிவத்தில் பாலினத்தைக் குறிக்க, விண்ணப்பிப்பவரின் கையெழுத்தைத் தவிர வேறு யாருடைய கையெழுத்தையும் கேட்கக் கூடாது.